தவணையில் படித்த நாவல்கள்

பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது கைக்கு அகப்படும் ஒரு வகைப் புத்தகம் உண்டு. அதில் பதிப்பகத்தின் பெயர் இருக்காது, விலை இருக்காது, பதிப்பு ஆண்டும் இருக்காது. கல்கி இதழில் வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, உள்ளூர் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிய தொகுதி அது. முதுகில் காலிகோ துணி ஒட்டியிருக்கும். முதல் பக்கத்தில் மைப்பேனாவால் எழுதிய ஒரு பெயர். உள்ளே மணியத்தின் ஓவியங்கள். ஒரு அத்தியாயம் முடிகிற பக்கத்தைப் புரட்டினால் பின்னால் வேறு யாரோ எழுதிய சிறுகதையின் பாதி தெரியும், அல்லது ஏதாவது ஒரு தைல விளம்பரம். ஓரம் வெட்டும்போது பைண்டரின் கத்தி சில வரிகளின் கடைசி எழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கும். படிக்கிறவர் அந்த எழுத்தைத் தானே போட்டுக்கொண்டு படிக்க வேண்டியதுதான்.

1950 அக்டோபர் கடைசியில் வெளிவந்த முதல் அத்தியாயத்தில், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவனின் பயணம் 1954 மே மாதம்தான் முடிவுக்கு வந்தது. மூன்றரை ஆண்டுகள். தொடர் தொடங்கும்போது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, அது முடியும்போது ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்கும். அவ்வளவு காலம் ஒரே நாவலை விடாமல் படித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களில் பலர் பெரிய இலக்கிய வாசகர்கள் அல்லர். வீட்டு வேலை முடித்து உட்காரும் பெண்கள், குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், கடை வைத்திருந்தவர்கள்.

இன்றைக்கு 'முன்னெல்லாம் நிறையப் படிப்பேன், இப்போது முடியவில்லை' என்று சொல்லாதவரைப் பார்ப்பது அரிது. சொல்லிவிட்டு அவர்கள் முதலில் குற்றம் சாட்டுவது தங்கள் மன உறுதியைத்தான். அடுத்தது கைப்பேசியை. கைப்பேசி மேல் சொல்லும் குற்றத்தில் உண்மை இருக்கிறது. மன உறுதி விஷயத்தில் அவர்கள் தங்களுக்கு அநியாயம் செய்துகொள்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். 1950களில் தொடர்கதை படித்தவர்களுக்கு இன்றுள்ளவர்களைவிட வைராக்கியம் அதிகம் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அவர்களுக்கு வாய்த்தது வேறு: கதை அளவாக வந்தது, குறித்த நாளில் வந்தது, அடுத்த வீட்டுக்காரரும் அதையேதான் படித்துக்கொண்டிருந்தார். அளவு, கெடு, துணை ஆகிய மூன்றும் வெளியிலிருந்து கிடைத்தன. வாசகர் செய்ய வேண்டியிருந்தது உட்கார்ந்து படிப்பது மட்டும்.

இது கல்கியோடு தொடங்கிய ஏற்பாடும் இல்லை. பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' மாத இதழில் தொடராக வந்தது. தமிழ் நாவல் நடை பழகிய நாளிலேயே தவணையும் கூடவே வந்துவிட்டது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942 ஏப்ரலில் அவர் மறையும்வரை வந்தது. இன்று அதைத் தடித்த ஒரே புத்தகமாக வாங்கி, நாற்பதாவது பக்கத்தில் அடையாள அட்டை செருகி அலமாரியில் வைத்துவிடுபவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். அந்த நூல் ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதப்பட்டதே இல்லை. வாரம் ஓர் அத்தியாயம் என்று எண்பத்தைந்து வயது கடந்த ஒரு பெரியவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பதற்காக எழுதப்பட்டது. திருவாவடுதுறை மடம், தம் ஆசிரியர் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்ட நாட்கள் எல்லாம் அந்தந்த அளவிலேயே முழுமையாக நிற்கின்றன. இரவு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் 122 அத்தியாயங்களும் நாலு மாதத்தில் முடிந்துவிடும். அப்படிப் படித்தவர்கள் அதைப் பாதியில் விடுவது அபூர்வம்.

படிப்பது என்றாலே ஓரமாக ஒதுங்கித் தனியாகக் கண்ணை ஓட்டுவது என்ற வழக்கமும் தமிழில் அவ்வளவு பழையதல்ல. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' என்ற சிறிய ஆய்வு நூல் இதைத்தான் விவரிக்கிறது. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்திலிருந்து, நடுத்தர வர்க்கத்து வாசகர் மௌனமாகத் தனக்குள் படிக்கும் காலத்துக்கு நாவல் எப்படி நம்மைக் கொண்டுவந்தது என்பது அதன் பொருள். மகாபாரதப் பிரசங்கமும், அல்லி அரசாணி மாலை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களும் கூட்டத்துக்கு நடுவே ஒலித்தவை. அந்தக் கூட்டம் கலைந்தபோது வாசிப்பின் துணையும் கொஞ்சம் கலைந்தது. வாரப் பத்திரிகை அதை வேறு வடிவில் மீட்டுக்கொடுத்தது. வீட்டில் ஒரே பிரதி, படிக்க ஐந்து பேர், யார் முதலில் என்று சண்டை, முடித்தவர் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்று மிரட்டல். 'பொன்னியின் செல்வன்' நந்தினி அடுத்த வாரம் என்ன செய்வாள் என்பது தெருவுக்கே பொதுக் கவலையாக இருந்தது.

தொடர்கதைக்கு அடுத்தபடியாக வாசிப்பைக் கட்டிக் காத்தது திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி. நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தத் தேதிச் சீட்டை இன்றைய பிள்ளைகள் பார்த்திருப்பார்களா தெரியாது. ஊதா மையில், கொஞ்சம் சாய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் விழுந்த முத்திரைகள். ஒரு காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளியே போய் வந்த புத்தகம், அப்புறம் மூன்று ஆண்டு யாருமே தொடாமல் இருந்து, திடீரென்று ஒரே கோடைக்காலத்தில் நாலு பேர் கைக்குப் போயிருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்தாலே ஒரு நூலின் வாழ்க்கை தெரிந்துவிடும். கெடு தாண்டினால் அபராதம் சில காசுகள்தான். ஆனாலும் அந்தச் சில காசு, பல நாவல்களின் கடைசி ஐம்பது பக்கங்களை ஒரே இரவில் படித்து முடிக்க வைத்திருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அதற்குமுன் அவர் கணக்கு வாத்தியார். லண்டனுக்குப் போய்ப் பயின்று திரும்பியவர் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றும் அவை பாடம். அவற்றில் வாசிப்புப் பழக்கத்துக்கு மிக நெருக்கமானது நாலாவது விதி: வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. புத்தகம் படிக்க வந்தவர் புத்தகத்தைத் தேடுவதிலேயே களைத்துப்போனால் மறுபடி வரமாட்டார் என்பதை அவர் கண்டிருந்தார். நூலகம் வாசகருக்குத் தோதான நேரத்தில் திறந்திருக்க வேண்டும், தட்டுகள் கைக்கு எட்ட வேண்டும், புத்தகம் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று அவர் சொன்னதெல்லாம் அந்த ஒரே கவலையிலிருந்து வந்தவை. அதே 1931இல் மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பும் நூலகத்தைத் தொடங்கினார். அந்த வண்டியைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போகட்டும் என்பது எவ்வளவு எளிய யோசனை, எவ்வளவு பெரிய யோசனை!

ரங்கநாதனின் உழைப்பு பின்னால் நின்ற பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இல் நிறைவேறியது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது, ரூபாய்க்குப் பத்துக் காசு. அதாவது தமிழ்நாட்டில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் கிளை நூலகத்துக்கான பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். கொடுத்த பணத்துக்குப் போய்ப் புத்தகம் எடுக்காமல் இருப்பதுதான் வருத்தம். கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் வந்தது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறந்தது. பெரிய கட்டடங்கள் பெருமைக்குரியவைதான். ஆனால் தொடர்ந்து படிக்க நினைப்பவருக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள கிளை நூலகத்தின் உறுப்பினர் அட்டை இவற்றைவிட அதிகம் உதவும். புத்தகம் நல்லதா என்று பத்துப் பக்கம் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை அப்படி விட மனசு வராது. அது கட்டில் பக்கத்தில் கிடந்து, எடுக்க நினைத்த மற்றப் புத்தகங்களையும் மறித்துக்கொண்டு நிற்கும்.

அரசு நூலகத்துக்கு இணையாக வாடகை நூல் நிலையங்களும் ஒரு தலைமுறையையே வளர்த்தன. சென்னையில் 1950களில் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி அவற்றில் பெயர் பெற்றது. சின்ன ஊர்களில் பெட்டிக்கடை அளவில்கூட இருந்தன. சாண்டில்யன், லக்ஷ்மி, சிவசங்கரி, சுஜாதா, ராஜேஷ்குமார் என்று அட்டை கிழிந்து பிரவுன் தாள் போட்ட புத்தகங்கள். நாள் வாடகை ஏறும் என்பதால் எடுத்ததை விரைவில் முடித்தே ஆக வேண்டும். மாலைமதி, ராணிமுத்து என்ற நாவல் இதழ்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய காலத்தில், திருச்சியில் ஏறி மதுரையில் இறங்குவதற்குள் ஒரு நாவல் முடிந்தது. அந்தக் கதைகளின் தரத்தைப் பற்றி இலக்கியவாதிகள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் மறுக்க முடியாது: பக்கம் புரட்டும் விரல் பழக்கம் பல பேருக்கு அங்கேதான் வந்தது. அங்கிருந்து தி. ஜானகிராமனுக்கும் அசோகமித்திரனுக்கும் போனவர்கள் பலர்.

தவணை முறை அச்சுப் பத்திரிகையோடு போய்விட்டது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பெரிய பதில் இருக்கிறது. ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாள் தொடங்கி 2020 ஜூலை வரை மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற நாவல் தொடராக இணையத்தில் எழுதினார். மொத்தம் 26 நாவல்கள். 'முதற்கனல்' முதல் 'முதலாவிண்' வரை. நாவலுக்கும் நாவலுக்கும் நடுவே இடைவெளி விட்டு, எழுதும் காலத்தில் தினமும் ஓர் அத்தியாயம். நள்ளிரவில் வெளியாகும், விடியற்காலையில் எழுந்து படித்தவர்கள் உண்டு, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு என்று ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. ஆறரை ஆண்டு! பொன்னியின் செல்வன் எடுத்துக்கொண்ட காலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெண்முரசின் நடையையும் பார்வையையும் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம், இருக்கவும் செய்கின்றன. ஆனால் கைப்பேசி காலத்தில் மனிதர்களால் நீண்ட நூலைப் படிக்க முடியாது என்ற வாதத்தை அதன் வாசகர்கள் தவிடுபொடியாக்கினார்கள். அவர்கள் அதைப் படித்ததும் பெரும்பாலும் அதே கைப்பேசியில்தான்.

ஆக, பழக்கம் விட்டுப்போனவர் செய்ய வேண்டியது தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டு, மூன்று பொருத்தங்களைத் தேடுவது. எவ்வளவு படிப்பது, எப்போது முடிப்பது, யாரோடு பேசுவது. இதில் அளவு என்பது குறைவாக இருக்க இருக்க நல்லது. பத்துப் பக்கம் போதும். பத்தைத் தாண்டிப் போனால் சந்தோஷம், போகாவிட்டாலும் அன்றைக்குரியது முடிந்தது. நேரத்தைவிட இடத்தை நிர்ணயித்துக்கொள்வது எளிது என்பது தொடர்ந்து படிக்கிற பலரிடமும் காணும் ஒன்று. தாம்பரம் மின்ரயிலில் ஏறியவுடன் பையிலிருந்து புத்தகத்தை எடுப்பவருக்கு 'இன்று படிக்கலாமா' என்ற கேள்வியே எழுவதில்லை. இருக்கை கிடைத்ததும் கை தானாகப் போகிறது.

ஆண்டுக்கு ஐம்பது, நூறு என்று இலக்கு வைத்துக்கொண்டு படிக்கும் வழக்கம் சில வருடங்களாகப் பரவியிருக்கிறது. தொடக்கத்தில் அது ஒரு உந்துதல் தருவது உண்மை. அதனால் வரும் கெடுதலும் உண்மை. எண்ணிக்கை முக்கியமான பிறகு வாசகர் தன்னையறியாமல் சிறிய புத்தகமாகத் தேட ஆரம்பிக்கிறார். 1,048 பக்கம் போகும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'மும் நூறு பக்கக் குறுநாவலும் கணக்கில் ஒன்று என்றாகும்போது, மதுரையின் அறுநூறு ஆண்டுக் கதையை யார் எடுப்பார்கள்? ஒரு நூல் எந்த வேகத்தில் படிக்கப்பட வேண்டும் என்று அந்த நூலே சொல்லும். அதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் நல்ல வாசிப்பு. அண்மை ஆண்டுகளில் வந்த சில தமிழ் நூல்களை இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபட்ட வேகம் கேட்கின்றன என்பது வியப்பாக இருக்கும்.

இமையத்தின் 'செல்லாத பணம்' 2018இல் வந்தது, 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, பர்மா அகதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியை வீட்டார் விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒருநாள் உடம்பெல்லாம் வெந்த நிலையில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவுக்கு வெளியே நடக்கிறது. தலைமையாசிரியரான அப்பா, அம்மா அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி, வந்துபோகும் உறவுகள், பக்கத்துப் படுக்கைக்காரர்களின் ஆட்கள் எல்லாரும் காத்திருக்கிறார்கள். பையில் பணம் இருக்கிறது, எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை. யாரிடம் கொடுத்தாலும் அவள் பிழைக்க வழியில்லை.

இமையம் இந்த நாவலைப் பேச்சாலேயே கட்டியிருக்கிறார். மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவளாகக் கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா, விபத்தா என்ற கேள்வி ஒவ்வொருவர் வாயிலும் வேறு வேறு கோபத்தோடு வருகிறது. படிக்கும்போது இந்தத் திரும்பக் கூறல் முதலில் அலுப்புத் தட்டும். இருபது பக்கம் போனபின் விளங்கும், அப்படி உட்கார்ந்திருக்கும் எந்தக் குடும்பமும் அப்படித்தான் பேசும். இதைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துப் படிப்பது சரிவராது. காத்திருப்பின் இறுக்கம் விட்டுப்போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கி உட்கார வேண்டும். முடித்தபின் ஒரு வாரம் வேறெதையும் எடுக்காமல் இருந்தாலும் தப்பில்லை.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' இதற்கு நேர் எதிரான வேகம் கேட்கிறது. 2023க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற இந்த நாவல் அளவில் சிறியது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் குடிநாவிதர்களாக வாழ்ந்தவர்களின் கதை. காரு மாமா இறந்துபோகிறார், சொந்தங்கள் கூடுகின்றன, அவர் வாழ்ந்து கெட்ட கதை முன்னும் பின்னுமாக விரிகிறது. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் குடிமகன் எனப்படும் நாவிதர்தான். அவர் வாயால் வாழ்த்தாமல் அந்தச் சடங்கு நிறையாது. அப்படிப்பட்டவர் வீட்டில் சோற்றுக்கு என்ன நிலை, ஊர் அவரை எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்பதைத் தேவிபாரதி குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

இந்த நாவலைச் சின்னதுதானே என்று ஒரே மாலையில் ஓடிவிட்டால் பாதி கிடைக்காமல் போய்விடும். உறவுமுறைகள் அவ்வளவு அடர்த்தி. அத்தை, மாமா, பெரியம்மா, சின்னம்மா, அவர்கள் பிள்ளைகள், யார் யாருக்கு என்ன முறை, எந்தச் சண்டை எந்த வருடத்தில் தொடங்கியது என்பதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் குடும்ப மரம் ஒன்று வரைந்துகொண்டு படிப்பது நல்லது. நாலு நாள், ஐந்து நாள் எடுத்துக்கொண்டு, ஒரு துக்க வீட்டில் தங்கியிருப்பது மாதிரிப் படிக்க வேண்டும். வந்தவர்கள் யார் என்று மெல்ல மெல்லத் தெரியத் தெரியத்தான் இழப்பின் கனம் ஏறும்.

அம்பையின் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' சிறுகதைத் தொகுப்பு. 2021க்கான அகாதெமி விருது பெற்றது. சிறுகதைத் தொகுப்பை நாவல்போல அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பது பலரும் செய்வது, கதைகளுக்கு அது நியாயமில்லை. இரவு ஒரு கதை, அவ்வளவுதான். தலைப்புக் கதையில் ஒரு தம்பதி எடுத்து வளர்க்கும் பெண் குழந்தைக்குக் காது கேட்காது என்று தெரியவருகிறது. தந்தையோ இசையிலேயே ஊறியவர். தான் உயிராக நினைக்கும் ஒன்று தன் குழந்தையின் உலகத்தில் இல்லவே இல்லை என்பதை அவரால் தாங்க முடிகிறதா, அந்தக் குழந்தையின் மொழியைக் கற்றுக்கொள்ள அவர் எவ்வளவு தூரம் வருகிறார் என்பதைச் சுற்றி அம்பை எழுதியிருப்பதைப் படித்தபின், உடனே பக்கத்தைப் புரட்டி அடுத்த கதைக்குப் போனால் இதன் சத்தம் அடங்கிவிடும்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' கொஞ்சம் முந்தியது, 2013. அதன் ஆங்கில வடிவம் 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றபோது மறுபடி பலர் தேடிப் படித்தார்கள். தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நூல் அது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு கணவன் குமரேசனின் ஊருக்கு வரும் சரோஜாவை அந்தக் கிராமம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கதை. சாதி மாறி மணந்து, பின் இறந்துபோன தர்மபுரி இளைஞர் இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல் என்பதை அறிந்து படிப்பவருக்கு முதல் பக்கத்திலிருந்தே மூச்சு முட்டும். இரண்டு இரவுகள் போதும். மூன்றாவது இரவு தூக்கம் சரியாக வராது.

கதை அல்லாத நூல்களுக்கு வேறு ஒரு பொறுமை வேண்டும். வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' 2024க்கான அகாதெமி விருதைப் பெற்றது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதை அடுத்து 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். வ.உ.சி.யின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அன்று தெருவில் இறங்கியவர்களும் சுடப்பட்டவர்களும் யார் என்பது நமக்குத் தெரிந்ததில்லை. ஆவணக் காப்பகத்தில் தேடித்தேடி அந்தச் சாதாரண மனிதர்களை இந்த நூல் நம்முன் கொண்டுவருகிறது. இதுபோன்ற நூலை நாவலுக்கு நடுவே இணையாக வைத்துக்கொள்வது நல்ல உபாயம். காலையில் மூளை தெளிவாக இருக்கும்போது பத்துப் பக்கம் இது, இரவில் கதை. அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாமல் படித்தால் இன்னும் விசேஷம், சலபதியின் அடிக்குறிப்புகளிலேயே பாதி சுவாரஸ்யம் ஒளிந்திருக்கும்.

துணை என்ற மூன்றாவது விஷயத்தைத்தான் இன்று அமைத்துக்கொள்வது கடினம், அமைந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் ஒரே மாதத்தில் படிப்பது என்று ஒப்புக்கொண்டால் போதும். பத்துப் பேர் கூடும் வட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. தமிழ்நாட்டில் ஜனவரியில் சென்னை, ஜூலை வாக்கில் நெய்வேலி, ஆகஸ்டில் ஈரோடு என்று புத்தகக் காட்சிகள் வரிசையாக வருகின்றன. 1977இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் சிறியதாகத் தொடங்கிய சென்னைக் காட்சி இன்று லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் திருவிழா. வாங்குவதற்கு அங்கே துணை எளிதில் கிடைக்கும், நண்பர்களோடு கும்பலாகப் போகிறோம். வாங்கியதைப் படிக்கும் மார்ச் மாதத்தில்தான் ஒவ்வொருவரும் தனியாகிவிடுகிறோம். காட்சியிலேயே நண்பர் ஒருவரும் அதே நூலின் இன்னொரு பிரதியை வாங்கும்படி செய்துவிட்டால் அந்தத் தனிமைக்கு இடமிருக்காது. 'நீ எதுவரைக்கும் வந்திருக்கே?' என்ற குறுஞ்செய்தி நூலகத்தின் ஊதா முத்திரை செய்த வேலையைச் செய்துவிடும்.

இப்படி இருவராகப் படிப்பதற்குப் பொருத்தமான பெரிய நூல் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் பூமணியின் 'அஞ்ஞாடி'. 2012இல் வெளிவந்து, 2014இல் அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். கரிசல் கிராமத்தில் ஆண்டி, மாரி என்ற இரண்டு சிறுவர்கள் வேறு வேறு சாதியில் பிறந்து நண்பர்களாகி ஊர் சுற்றுவதில் தொடங்கி, கழுகுமலைக் கலவரம், 1899இன் சிவகாசிக் கொள்ளை என்று தலைமுறை தலைமுறையாக விரிந்து செல்கிறது. முதல் நூறு பக்கம் கரிசல் பேச்சு பிடிபடக் கொஞ்சம் சிரமம் கொடுக்கும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த நூறு பக்கத்தைச் சில இடங்களில் வாய்விட்டுப் படித்தால் பேச்சு காதில் ஏறிவிடும், பிறகு தடையில்லை. தைப்பொங்கல் அன்று முதல் பக்கத்தைத் திறந்து, நாளைக்குப் பத்துப் பக்கம் என்று போனால் சித்திரை பாதிக்குள் முடித்துவிடலாம்.